தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா?

அக்கா,

இன்று காலை அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு வீடு விலைக்குப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்ததும் புதுப் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது. "பளிச்னு இருக்குதுங்களா?" என்று விற்பவர் சிரித்தார். நான் குனிந்து சுவரின் அடியைத் தடவினேன். ஈரம். எதை மறைக்க அடித்தார்களோ என்று மனசு உங்கள் குரலில் கேட்டது.

தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, பனியன் கம்பெனியில் தைத்துச் சேர்த்ததை வைத்து, வாடகைக்கு விட லைன் வீடு வாங்கலாம் என்று நான் கிளம்பியபோது துணைக்கு வந்தது நீங்கள்தான். செக்கிங் டேபிளில் துணியில் ஓட்டை தேடிப் பழகிய கண் உங்களுக்கு.

முதன்முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் பார்த்தது ஒரே வரிசையில் ஐந்து வீடு. ஐந்திலும் ஆள் இருந்தார்கள். ஒரு மாசம்கூடக் காலியாகக் கிடந்ததில்லை என்றார் புரோக்கர். எனக்கு அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் போலிருந்தது. நீங்கள் முதல் வீட்டு வாசலில் நின்று, குழாயில் நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருக்கா வருகிறது என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டீர்கள். நாலு நாள் என்றாள் அங்கிருந்த பெண். அடுத்த வீட்டில் எட்டு நாள். மூன்றாவது வீட்டுக்காரி புரோக்கரின் முகத்தைப் பார்த்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னீர்கள்: "குடியிருக்கறவளுக்குத் தண்ணி வர்ற நாளு தெரியாதா கண்ணு? கரண்டு மீட்டரும் லைட்டே போடாத ஊட்டு மீட்டராட்ட இருக்குது. வேலை நாளாப் பாத்து, சொல்லாமப் போய்ப் பாக்கோணும்."

மறுநாள் புரோக்கர் எனக்கு ஃபோன் செய்தார். உங்கள் மருமகனுக்காக அதே இடத்தை நீங்கள் ரகசியமாக விசாரிப்பதாகவும், அதனால்தான் என் மனசைக் கலைப்பதாகவும் சொன்னார். பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட உங்களை விட்டு, ஒரு தடவை பார்த்த அவரை நம்பினேன். சாப்பாட்டு நேரத்தில் வேறு பக்கம் போய் உட்கார்ந்தேன். நீங்கள் மருமகனோடு ஃபோனில் பேசினால் ஒட்டுக் கேட்டேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. புதன்கிழமை தைக்கத் துணி வராமல், மதியமே எங்கள் தையல் லைனை மட்டும் அனுப்பிவிட்டார்கள். உங்களைக் காலையிலிருந்தே காணோம். நீங்கள் அந்த இடத்தில் நிற்கிறீர்களா என்று பார்க்கத்தான் போனேன்.

நீங்கள் இல்லை. யாருமே இல்லை. ஐந்து கதவிலும் பூட்டு. எதிர்வீட்டுப் பெரியவர் வெளியே வந்தார். "ஞாயித்துக்கெழமை ஆளுகளை வேன்ல கொண்டாந்து எறக்குனாங்க அம்மிணி. சாயந்தரமே ஏத்திட்டுப் போயிட்டாங்க." போர்வெல் தண்ணீரில் சாயப்பட்டறைச் சாயம் கலந்து வருவதால் வருஷக்கணக்காக அங்கே யாரும் தங்குவதில்லையாம். வெளிக்குழாயைத் திறந்து காட்டினார். என் உள்ளங்கையில் தண்ணீர் செம்பழுப்பாகத் தேங்கி நின்றது.

மறுநாள் சாப்பாட்டுக்கு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். அந்த இடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். "நல்லது கண்ணு" என்று நகர்ந்து இடம் விட்டீர்கள். முந்தின நாள் மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனதாக நீங்களாகவே சொன்னீர்கள். அடுத்த வருஷம் ஊத்துக்குளி ரோட்டில் நான் மூன்று வீடு வாங்கியபோது எனக்கு முன்னால் நீங்கள் அலைந்தீர்கள். முன்பிருந்தவர் ஏன் காலி செய்தார், மழைக்கு எந்தச் சுவர் ஊறும், பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று தெருவே சலித்துக்கொள்ளும் வரை கேட்டீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்து, காரியத்துக்கு நான் வந்திருந்தபோது உங்கள் மகள் ஒன்று சொன்னாள். அந்தப் புரோக்கர் அப்போதே உங்களுக்கும் ஃபோன் செய்தாராம். நீங்கள் கமிஷனுக்கு அலைகிறீர்கள் என்று நான் கம்பெனியெல்லாம் சொல்வதாகச் சொன்னாராம்.

"அவ அப்பிடிச் சொல்றவ இல்லீங்கன்னு ஃபோனை வெச்சுட்டாங்கக்கா அம்மா" என்றாள்.

நான் உங்கள் முகம் பாராமல் திரிந்த நாட்கள் அவை. யாரிடம் என்ன கேட்க வேண்டுமென்று எனக்கு இப்போது தெரியும், அக்கா. ஆனால் எனக்கு வந்த ஃபோனை நான் அப்படி வைக்கவில்லை. அந்த வெட்கத்தை நீங்கள் இருந்தவரை உங்களிடம் சொல்லாமலே வைத்திருந்தேன்.