நான்கு தசையும் ஒரு முட்டிச்சில்லும்

மச்சான்,

இன்று காலை காட்டுமன்னார்கோயில் கறிக்கடையில் ஆட்டின் பின்னந்தொடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முன்பக்கக் கறி மொத்தமாகக் கழன்று, முட்டிச்சில்லோடு தொங்கியது. வாங்க வந்ததை மறந்து, நடுவில் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று, அடியில் எலும்போடு ஒட்டி ஒன்று என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். "டாக்டர், கறி வேணுமா, பாடமா?" என்றார் கடைக்காரர். நீதான் கேட்கிறாய் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன்.

கால்நடைக் கல்லூரியில் அந்த நான்கு தொடைத்தசைகளின் பெயரும் மண்டையில் ஏறாமல் நான் திணறியபோது நீ ஒரே மூச்சில் முடித்தாய். "நாலு பேரு சேந்து முட்டிச்சில்லை இழுக்குறானுங்க, முட்டி நிமுருது. அவ்ளோதான்டா. பேரெல்லாம் பரீட்சைக்கு." அந்த நால்வரில் ஒருவன் மட்டும் இடுப்பெலும்பிலிருந்து வருகிறான் என்பதை நீ பரீட்சையில் மறந்து கோட்டை விட்டாய். பெரிய வாத்தியார் மாதிரி பேசியவனுக்கு என்னைவிட மார்க் கம்மி.

வேலைக்கு வந்தபின் நீ லால்பேட்டை, நான் ஸ்ரீமுஷ்ணம். மாட்டுக்கு முட்டி பூட்டிக்கொண்டால் உனக்குத்தான் போன் போடுவேன். முட்டிச்சில்லு மேலேறித் தொடையெலும்பில் மாட்டிக்கொள்ள, மடங்காத காலை மாடு தரையில் இழுத்து இழுத்து நடக்கும். சில்லைப் பிடித்திருக்கும் உள்பக்கத்து நாரை நீ ஒரே வெட்டில் அறுத்து விடுவிப்பாய். மாடு காலை மடக்கி வைத்ததும் மாட்டுக்காரரைவிட நீதான் அதிகம் சிரிப்பாய்.

அப்புறம் அந்தப் பாழாய்ப்போன நரம்பு நோய் உன் தொடையிலேயே வந்து உட்கார்ந்தது. வேலை முடிந்து வந்து உன் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பேன். வாரத்துக்கு வாரம் முன்தொடை என் கைக்குள் மெலிந்துகொண்டே வந்தது. அதைப் பற்றி நாம் பேசியதில்லை. இருவருமே அந்தப் பாடத்தைப் படித்தவர்கள். ஒரு நாள் நீயே சொன்னாய்: "மாட்டுக்குப் பூட்டிக்கிட்டா வெட்டி விட்டோம். குதிரை தானே முட்டியைப் பூட்டிக்கிட்டு நின்னபடியே தூங்குது. குதிரையாப் பொறந்திருந்தா நானே பூட்டிக்கிட்டு நின்னுருப்பேன் மச்சான்."

உனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மகளின் நிக்காஹ் அன்று மருமகனை நின்றபடி தழுவ வேண்டும். உட்கார்ந்தே தழுவினால் என்ன என்று வீட்டில் கேட்டார்கள். நீ சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த நாளும் வந்தது. நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை ஸலாம் சொல்லி உன் முன்னால் வந்தார். பேசி வைத்தபடி உன் தம்பி பின்னாலிருந்து உன்னைத் தூக்கி நிறுத்த, நான் பக்கவாட்டில் மண்டியிட்டு, உன் இரண்டு முட்டிகளும் முன்னால் மடங்காதபடி அழுத்திப் பிடித்தேன். கூட்டத்திலிருந்த பெரியவர் ஒருவர் பதறிப்போய் என் தோளைத் தொட்டார். "தம்பி, எங்க மார்க்கத்துல மனுஷன் கால்ல விழக் கூடாது. எந்திரிங்க."

நீ மூச்சு வாங்கச் சொன்னாய்: "மாமா, அவன் கும்புடலை. கையை எடுத்தான்னா நான் சரிஞ்சிருவேன்."

அவர் கைலியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து உன் ஒரு முட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். விடுபட்ட கையை நான் உன் முன்தொடைக்கு முட்டுக்கொடுத்தேன். மாப்பிள்ளை உன்னைத் தழுவினார். நீ அழுதாயா என்று கீழே இருந்த எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன்.

அடுத்த மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். ஆனால் மருமகனைத் தழுவிய அந்த நேரத்தில், செத்துவிட்டது என்று நாம் இருவரும் முடிவு கட்டியிருந்த உன் முன்தொடை என் உள்ளங்கையில் ஒரு தடவை இறுகியது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், சொல்லவில்லை. இப்போது எழ முடியாமல் கிடக்கும் கன்றைப் பார்க்கப் போனால், அதன் தொடையில் கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுப்பதில்லை, மச்சான்.