கிணற்றில் பழகிய ஈயமீன்

மச்சான்,

நம் கடை உத்தரத்தில் தொங்கும் பிளாஸ்டிக் வாளிகளை இறக்க உன் தூண்டில் கோலை இனிமேல் பயன்படுத்தக் கூடாது என்று சென்ற சனிக்கிழமை முடிவு செய்யப்பட்டது. கோவிந்தாபுரம் கடைவீதியின் வரலாற்றில் இது முக்கியமான தீர்மானம். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். எதிர்த்தவர் உன் அண்ணன்.

நீ போன பிறகு அவர் கோலின் நுனியில் கட்டுக்கம்பியை வளைத்துக் கட்டிக் கொக்கியாக்கியிருந்தார். "சும்மா கெடக்கறதுக்கு ஒரு வேலைக்காச்சும் ஆகட்டுங்க மாப்ள" என்றார். கம்பியை நான் அவிழ்த்தபோது ரீலிலிருந்து உப்பும் கிரீஸும் கலந்த வாசனை வந்தது. கடலுக்குப் போய் வந்த பிறகு உன் சட்டைப் பையில் இருந்த வாசனை.

கடல் இல்லாத ஊரில், ஈயமீனை ஆட்டி நிஜ மீனை ஏமாற்றும் ஆழ்கடல் ஜிக் தூண்டில் பழக நீ கண்டுபிடித்த இடம் நம் தோப்புக் கிணறு. ஈயத்தில் வார்த்த அந்த மீனைக் கிணற்றுக்குள் விட்டு, கோலைச் சுண்டித் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி விழவிடுவாய். "தூக்கறது நம்ம வேலை மச்சான். விழறப்பத்தான் மீன் கடிக்கும். விழறப்ப கை பேசாம இருக்கோணும்" என்பாய். பக்கத்துத் தோப்புக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், கெணத்துல சுறா வளக்கறீங்களா?"

"சுறா இல்லீங்க, திமிங்கலம். குட்டி போட்டா உங்களுக்கு ஒண்ணு எடுத்து வெக்கறேன்" என்றாய் நீ.

கிணற்றில் நாம் தேர்ச்சி பெற்றோம். அதன் பிறகு கேரளத்துப் பொன்னானியில் படகேறினோம். நம் ஈயமீன் ஒருமுறைகூட அடியைத் தொடவில்லை. கிணறு நின்ற இடத்தில் நிற்கும், படகு நிற்காது என்பது நம் இருவர் மூளைக்கும் எட்டவில்லை. படகு ஒரு பக்கம் நகர, தூண்டில் நரம்பு சரிந்து மிதந்துகொண்டே போய் மற்றவர்களின் நரம்புகளோடு பின்னிக்கொண்டது. எங்கே படித்தீர்கள் என்று படகுக்காரர் கேட்டார். நீ மறைக்காமல் சொன்னாய். "இக்கா, இது கிணறல்ல, கடலாணு" என்று அவர் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. நீ கோபப்படவில்லை. "கனமான ஈயம் வேணும் மச்சான். அடுத்த சீசன் அடியத் தொடறோம்" என்றாய்.

அடுத்த சீசனுக்கு முன் உன் நெஞ்சு நின்றுவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் காரணத்தையும் கையோடு கொண்டு வந்திருந்தார்கள்: கோலை ஆட்டி ஆட்டித்தான் நெஞ்சு போச்சு. வாழ்நாள் முழுக்கக் கடையில் நீ தூக்கிய சிமெண்டு மூட்டைகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூட்டை தூக்கிச் சாவது பிழைப்பு, மீன் பிடித்துச் சாவது கொழுப்பு. ஊரின் இந்தச் சட்டத்தை நான் ஏற்கவில்லை என்பதை இதன் மூலம் உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஞாயிறன்று கோலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். "இந்த வயசுல கடலுக்கா? பைத்தியம் தொத்திக்குதுங்களே!" என்றார் உன் அண்ணன். ஆமாம், உங்கள் வீட்டிலிருந்துதான் என்றேன். என் வீட்டுக்காரி, உன் தங்கை, உள்ளே சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

அதே படகுக்காரர். என்னை அடையாளம் கண்டு, "கிணற்றுக்காரர்" என்றார். கனமான ஈயத்தைக் கட்டி, நீ சொன்னபடி விட்டேன். நரம்பு ஓடியது, ஓடியது, சட்டென்று தொய்ந்தது. அடி. கடலின் தரையை நம் கோவிந்தாபுரம் ஈயம் தொட்டுவிட்டது, மச்சான். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்து இடம் காலி.

தூக்கினேன். சுற்றினேன். விழவிட்டேன். கை பேசாமல் இருந்தது. விழும்போதுதான் கடித்தது. ரீலின் பிடியைத் தளர்த்தி அதை ஓடவிட்டு, கெஞ்சிக் கெஞ்சி மேலே கொண்டுவந்தேன். செம்பழுப்பில் ஒரு கலவா மீன். படகுக்காரர் சிரிக்கவில்லை. எந்தக் கிணறு என்று கேட்டார்.

இரவு உன் அண்ணன் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மார்க்கெட்டுல வாங்குனதுங்களா?" என்றார். குழம்பானதும் தலையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இன்னமும் என் வலது கை, சும்மா இருக்கும்போது, எதையோ விழவிட்டுக் காத்திருக்கிறது. அடுத்த மாதமும் போகிறேன். யாரிடமும் கேட்கப் போவதில்லை.

கோல் என் வீட்டில் இருக்கிறது. கடையில் வாளிகள் இன்னும் மேலேயே தொங்குகின்றன.