ஏந்திய கையைத் தாண்டி

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் வாலு எழுதுவது. நான் நலம். நீயும் அண்ணியும் நலமா? சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? சபையில் யாராவது இனிப்பைக் கையில் திணித்தால் வாயில் போட்டுக்கொண்டு, "அன்பாகக் கொடுத்தார்கள், போதகர் எப்படி மறுப்பது" என்று அண்ணியிடம் கதை விடாதே.

இங்கே வேலையில் பெண்டு நிமிர்கிறது. குழந்தைகள் வார்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து முதியவர்கள் வார்டுக்கு மாறிவிட்டேன். காரணம் உனக்குத் தெரியும்.

அடுத்த மாதத்தோடு அணில் போய் மூன்று வருடம். உங்களுக்கு இருந்த பிள்ளை அவள் ஒருத்திதான். காய்ச்சல் என்று அன்று சாயங்காலம் போன் செய்தீர்கள். நர்ஸ் அத்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினீர்கள். பிள்ளையால் கழுத்தை வளைக்க முடிகிறதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சாதாரணக் காய்ச்சல்தான், மருந்து கொடுத்துப் படுக்க வையுங்கள் என்றேன். மறுநாள் காலையில் அவள் இல்லை. மூளைக்காய்ச்சல் என்றார்கள்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை உன் ஆலயத்துக்கு வந்தேன். திருவிருந்துக்கு முழங்காலில் நின்று கையை ஏந்தினேன். நீ எனக்கு அப்பம் வைக்காமல் அடுத்தவரிடம் போய்விட்டாய். அத்தனை பேர் நடுவில் கவனித்திருக்க மாட்டாய். இங்கேயும் ஓர் ஆலயம் இருக்கிறது. ஆனால் அங்கே போய் வாங்க எனக்கு மனம் வரவில்லை. உன் கையால் வாங்க வேண்டும் அண்ணா. அவள் நினைவு நாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? ஒரு வரி எழுது. போனில் கேட்டால் நீ பிரசங்கக் குரலுக்குப் போய்விடுகிறாய்.

அன்புடன்,
வாலு


பிப்ரவரி 15

பிரியமான தங்கச்சிக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும்.

கடிதம் கிடைத்தது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஆலயக் கூரைதான் ஒழுகுகிறது, பிரசங்கத்தின் நடுவில் வாளியை நகர்த்த வேண்டியிருக்கிறது.

நீ இன்னும் அதையே நினைத்து மருகுவது எனக்கு வேதனை. நான் உன்னை என்றைக்கோ மன்னித்துவிட்டேன். சபை முன்னாலேயே அதைச் சொன்னேன். கிருபை என்பது உழைத்து வாங்கும் சம்பளம் இல்லை. தகுதியே இல்லாதவனுக்கும் சும்மா கிடைப்பது. போன வாரம்கூட இதைத்தான் பிரசங்கித்தேன். பலர் அழுதார்கள்.

ஆனால் அண்ணியை நினைத்துப் பார். பெற்ற வயிறு. உன் பேச்சை எடுத்தாலே அவள் முகம் மாறிவிடுகிறது. அவள் கொஞ்சம் தேறட்டும். இந்த வருடம் வேண்டாம்.

உனக்காக ஜெபிக்கும்
அண்ணன்


மார்ச் 2

அண்ணா,

வியாழக்கிழமை அண்ணி இங்கே வந்தார். தங்கை வீட்டுக்குப் போவதாக உன்னிடம் சொல்லியிருப்பார். என் டூட்டி முடியும்வரை இரண்டு மணி நேரம் வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனேன். அவர் எழுந்து, மடங்கியிருந்த என் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டார்.

கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன். பிறகு சொன்னார்: "முதல் வருஷம் உன்மேல கோபம் இருந்துச்சு வாலு. அதைத் தூக்கிட்டு நடக்க முடியல, விட்டுட்டேன். நீ ஏன் வர்றதே இல்ல?"

எனக்கு லீவு கிடைப்பதில்லை என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறாயாமே. அவரிடம் நான் சாக்கு, என்னிடம் அவர் சாக்கு. மூன்று வருடம் இரண்டு பேரையும் நன்றாக ஏமாற்றியிருக்கிறாய். எனக்குக் கோபம்கூட வரவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. மழுப்பாமல் எழுது. என்னை வரவிடாதது யார்?

வாலு


மார்ச் 11

வாலு,

நான்தான்.

அன்று உன்னைக் கவனித்தேன். தட்டில் அப்பம் இருந்தது. நீ கை ஏந்தியிருந்தாய். என் கை நீளவில்லை, கால் நகர்ந்துவிட்டது. அடுத்தவருக்கு வைக்கும்போது என் வாய் அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று ஏழு மணிக்கு நான் வெளியூர்க் கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அண்ணி பிடிவாதம் பிடித்தாள். எனக்கு எரிச்சல். ஒன்றுமில்லை என்று நீ சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஆசைப்பட்டேன். நீ சொன்னாய். நான் போய் கிருபையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன்.

குற்றவாளி நீயாக இருக்கும்வரை என்னால் எழுந்து நடமாட முடிகிறது. உன்னை விட்டுவிட்டால் அந்த இடத்தில் நிற்க வேண்டியவன் நான். கிருபை உண்டு என்று இன்னும் நம்புகிறேன். எனக்கு வாங்கவும் தெரியவில்லை, கொடுக்கவும் தெரியவில்லை. முயன்று பார்த்துவிட்டேன். வராதே. இதை அண்ணியிடம் சொல்லாதே.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

மனதுக்குள் ஆசைப்பட்டதாக எழுதியிருக்கிறாய். மனதுக்குள் இல்லை. போனை அண்ணியிடம் கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் சொன்னாய்: "ஒண்ணுமில்லன்னு சொல்லிடு வாலு. நான் சொன்னா இவ கேக்க மாட்டா."

நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அதனால் என் தப்பு குறைந்துவிடாது. அந்தப் படிப்பைப் படித்தவள் நான், கேட்டிருக்க வேண்டியவள் நான். ஆனால் அடக்கத்தன்று எல்லோரும் என்னையே பார்த்தபோது இந்த ஒரு வரி என் நாக்கு நுனியில் இருந்தது. பிள்ளை போய்விட்டது, உனக்கு அண்ணியாவது இருக்கட்டும் என்று விழுங்கிவிட்டேன். அவர் இங்கே வந்த அன்றும் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். நீ கேட்டுக்கொண்டதற்காக இல்லை. இதற்குப் பதிலாக நீ எனக்கு எதுவும் செய்ய வேண்டாம்.

நான் வரவில்லை. இனிமேல் கேட்கவும் மாட்டேன்.

படித்ததும் இதைக் கிழித்துப் போடு. வேதப்புத்தகத்துக்குள் வைக்காதே, அண்ணி எடுத்துப் படிப்பார்.

வாலு