அண்ணன் எதையும் மறக்கவில்லை

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வீட்டைவிட்டுப் போனதிலிருந்து போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

அண்ணனை லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பழுதான லிஃப்டுக்குள் ஒரு அம்மா மாட்டிக்கொண்டு அழுதிருக்கிறார். அண்ணன் வெளியே உட்கார்ந்து, சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாராம். கேட்டால், "பசிச்சுது, சாப்பிட்டேன்" என்கிறார். பாதிச் சாப்பாட்டில் போன் வந்தாலும் கைகழுவிவிட்டு ஓடுகிறவர், அண்ணி. கடையில் பிஸ்கட்டை எடுத்துக் காசு கொடுக்காமல் அங்கேயே நின்று தின்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போகப் போகிறேன்.

உங்கள் குட்டி

ஜூன் 14

குட்டிக்கு,

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இதற்கு டாக்டர் எதற்கு? என் அம்மாவின் உடலைக் கிடத்தியிருந்தபோது உன் அண்ணன் சிரித்தார். ஆபரேஷன் முடிந்து வந்து படுத்திருந்தேன். "டிவி மறைக்குது, தள்ளிப் படு" என்றார். எல்லாத் தேதியும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கத்தான் தோன்றவில்லை. நான் அலுத்துப்போய்விட்டேன், அவ்வளவுதான்.

இங்கே அச்சகத்துக்கு மேலே அறை. நாளெல்லாம் மெஷின் சத்தம். ஞாயிற்றுக்கிழமை நின்றுவிடும், அன்றைக்குத்தான் கஷ்டம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி

ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

முதல் டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். குணம் தெரியவில்லை. அடுத்த டாக்டரம்மா தைராய்டா, விட்டமின் குறைவா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஞாபகச் சோதனையில் அண்ணன் எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, அந்த அம்மாவின் மூக்கைக் கிண்டல் வேறு செய்தார். எனக்குத் தலை குனிந்துவிட்டது. டாக்டரம்மா கோபப்படவில்லை. "முன்னாடியும் இப்படித்தானா?" என்று கேட்டார். இல்லை என்றதும் ஸ்கேன் எழுதினார்.

மூளையின் முன்பக்கம் சுருங்கியிருக்கிறதாம். டிமென்ஷியாவில் இதுவும் ஒரு வகை. "டிமென்ஷியான்னா மறதி மட்டும்தான்னு நினைக்கிறோம். அல்சைமர் பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும். சிலருக்கு மூளைக்கு ரத்தம் சரியாப் போகாம வரும். இவருக்கு முதல்ல போனது ஞாபகம் இல்ல, அடுத்தவங்க வலி புரியுற இடம்" என்றார். ஐம்பது வயதிலேயே வருமாம். குணப்படுத்த மருந்து இல்லையாம். எப்போது ஆரம்பித்திருக்கும் என்று கேட்டேன். "சில வருஷம் ஆயிருக்கும். வீட்டுக்காரம்மாவுக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கும்."

என் லீவு முடிகிறது. எதிர்வீட்டு டெய்லர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வாருங்கள் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காக எழுதினேன்.

உங்கள் குட்டி

ஆகஸ்ட் 2

அன்புள்ள குட்டிக்கு,

வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம், என்னைக் கண்டதும் என்ன சொல்வார் என்றே யோசனை. திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது. கதவு திறந்தே கிடந்தது. சர்க்கரை டப்பாவை மடியில் வைத்து அள்ளித் தின்றுகொண்டிருந்தார். என் பெயரைச் சொன்னார். நான் வீட்டைவிட்டுப் போன தேதியையும் சொன்னார். எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை.

அழுதுவிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடியும் டப்பாவுக்குள் கையை விட்டார்.

அவர் என்னை வெறுக்கவில்லை, குட்டி. அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த அறையில் தனியாகக் கிடந்தபோது, கோபித்துக்கொள்ளவாவது எனக்கு ஒருவர் இருந்தார். இப்போது அதுவும் இல்லை.

"கதவைச் சாத்து, காத்து வருது" என்றார்.

சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அண்ணி