தொண்ணூற்றாறு தாளில் ஒரு ஓட்டம்

03.11.2006
முப்பது வருடம் ஒரே பாடசாலையில் குணம் சித்திரம் படிப்பித்தார், நான் விஞ்ஞானம். ஓய்வுபெற்ற பிறகுதான் அவருடைய வகுப்பில் உட்கார்கிறேன். பழைய யன்னல் கண்ணாடிக்குக் கீழே ஒரு மின்குமிழ். அதன்மேல் தாளுக்கு மேல் தாள் வைத்து ஒரு முஸ்லிம் பெண்ணை வரைகிறார். அவள் ஒரு விநாடி நடக்கப் பன்னிரண்டு படம். கடல் உள்வாங்கினால் நின்று பார்க்காமல் ஓடவேண்டும் என்று சுனாமி அகதி முகாம்களில் காட்ட, இருபது விநாடிப் படம்.

அவள் மெதுவாக நடக்குமிடத்தில் படங்கள் நெருக்கம். வேகம் பிடிக்குமிடத்தில் விலகல். பத்தாம் வகுப்புக்கு வேகத்தை விளக்க, ஓடும் வண்டி இழுக்கும் காகித நாடாவில் புள்ளி விழுத்தி நான் காட்டிய அதே பாடம். ஆனால் என் புள்ளிகள் எழும்பி நடந்ததில்லை.

09.11.2006
சோதனைச் சாவடியில் தாட்கட்டைப் பிரிக்கச் சொன்னார்கள். விரலால் புரட்டிக் காட்டினேன். தாளில் அந்தப் பெண் குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள். சிப்பாய் மற்றவனையும் கூப்பிட்டு, இன்னொருக்கா என்று சைகை காட்டினான்.

தூக்குமுன் அவள் இடுப்பு கொஞ்சம் தாழ்கிறது. தண்ணீரின் பாரம் அந்தத் தாழ்வில் இருக்கிறது. தண்ணீரைக் குணம் வரையவே இல்லை!

18.11.2006
தாள்களைப் படம்பிடித்து, மருதமுனை முகாமில் முதல் தடவை திரையில் காட்டினோம். கடல் உள்வாங்கியது, அவள் ஓடினாள். ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாப் பெண்களும்.

இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் நாளைக்கு ஓடுவார்களா? எல்லாம் வீணாப் போச்சா?

19.11.2006
"இத விட்டிருவம், ஹமீட்" என்று குணம் வந்து உட்கார்ந்தார். தேநீர் கொண்டுவந்த என் மனைவி ஹாஜறா தாள்களை எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாஸ்டர், முக்காட்ட ஆணி அடிச்சா வெச்சிருக்கீங்க? இந்த ஓட்டத்துக்கும் அசையாம நிக்கிது."

"அப்ப எப்பிடி ராத்தா?"

"ஓடக்குள்ள பல்லால கடிச்சிக்குவம். கை ரெண்டும் தேவப்படுமே."

சொல்லிவிட்டு முற்றத்தில் இறங்கி, கிணற்றடியிலிருந்து படலை வரைக்கும் ஓடியே காட்டினாள். ஐம்பத்தொன்பது வயது. முக்காட்டு நுனி பல்லில், வலக்கையில் சேலை. இடக்கை மட்டும் பின்னால் நீண்டு, எதையோ பற்றிக்கொண்டு...

ஸுலைஹா. அவள் தங்கை. சுனாமி அன்று கடலோடு போனவள். இரண்டு வருடமாக ஹாஜறா அந்த நாளைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை – ஏன் கேட்கவில்லை?

குணமும் கேட்கவில்லை. "இன்னொருக்கா ஓடுவீங்களா ராத்தா?" என்றார். ஐந்து தடவை ஓடினாள்.

"அந்தக் கையையும் வரையட்டா?"

"ஓம்" என்றாள் ஹாஜறா. "வரைங்க."

20.11.2006
விடியவே குணம் வீட்டில் மின்குமிழ் எரிகிறது.

04.12.2006
ஓட்டம் முழுக்கப் புதிது, தொண்ணூற்றாறு தாள். பின்னால் நீண்ட கை உடம்பைவிட இரண்டு படம் பிந்தி வருகிறது. ஏன் என்று கேட்டேன்.

"ஓடுறது அவ. கை இன்னும் அங்கதானே நிக்கிது" என்றார்.

பின்னால் யாரையும் அவர் வரையவில்லை. ஆனாலும் அந்தக் கையின் முனையில் ஒரு ஆள் இருப்பது எனக்குத் தெரிகிறது. என்ன கண் இந்த மனுசனுக்கு!

23.12.2006
அதே முகாம். யன்னல்களைச் சாக்கால் மறைத்துக் காட்டினோம். யாரும் சிரிக்கவில்லை. அவள் ஓடத் தொடங்கியதும் முன்வரிசையில் ஒருத்தி எழும்பி நின்றுவிட்டாள். திரை பாதி மறைந்தது. பின்னாலிருந்த யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அவர்களும் ஒவ்வொருவராக எழும்பிக்கொண்டிருந்தார்கள்.