வெள்ளைக் கார் விலை போன விதம்

கெலுகோர், பினாங்கு

அன்பு மகன் கபிலனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே கால்கரிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்குக் கண் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனால் கொஞ்ச நாளைக்கு வாசிக்கவும் எழுதவும் கூடாது, இனிமேல் கார் ஓட்டவே வேண்டாம் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார், அதில்தான் அவருக்கு வருத்தம். நீ அவருக்கு அனுப்பிய செய்தியை நான்தான் வாசித்துக் காட்டினேன். பழைய கார் ஒன்று வாங்க நினைக்கிறேன், எந்த மாதிரிக் கார் வாங்கினால் பிறகு விற்கும்போது விலை அதிகம் இறங்காது, அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். அப்பா மறுபடியும் வாசி என்றார். வாசித்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான், இவன் மறுபடியும் கார் ஓட்டப் போகிறான். பதிலை ஃபோனில் தட்டி அனுப்பு என்றார். எனக்கு முடியாது என்றேன். உனக்குப் பதில் சொல்வதென்றால் உன் வெள்ளைக் கார் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும், அதை ஃபோனில் சொல்ல எனக்கு வராது.

முதலில் அப்பா சொன்னது. இன்சூரன்ஸ் கம்பெனியில் மோதிய கார்களுக்கு விலை போட்டே வேலைக்காலத்தைக் கழித்தவர் ஆயிற்றே, கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இங்கே மைவி மாதிரிச் சின்ன உள்ளூர்க் கார்தான் விலை நின்று பிடிக்கும், வாங்க ஆள் எப்போதும் இருக்கும், எந்த மூலையிலும் அதற்குச் சாமான் கிடைக்கும், அதை ரிப்பேர் பண்ணத் தெரியாத மெக்கானிக்கே கிடையாது என்கிறார். அதற்கு அடுத்தது ஜப்பான் கார். தோட்டத்துப் பக்கம் ஓடும் பிக்கப் கிழடு தட்டினாலும் விலை நிற்கும், அதன் வேலை அப்படி. ஐரோப்பியப் பெரிய கார்கள் புதிதில் ராஜா மாதிரி, வாரண்டி முடிந்ததும் செலவுக்குப் பயந்து எல்லாரும் ஒதுங்கிவிடுவார்கள், பாதி விலைக்குக்கூட ஆள் தேட வேண்டும். மின்சாரக் காருக்கு பேட்டரி எப்போது போகும் என்ற பயம், போதாததற்குப் புதியது வருடா வருடம் மலிவாக வந்துகொண்டே இருக்கிறது. கார் தேய்வதால் மட்டும் விலை இறங்குவதில்லை, அடுத்து வாங்குகிறவன் எதற்குப் பயப்படுகிறானோ அதற்குத்தான் இறங்குகிறது என்று சொல்லி நிறுத்தினார். அங்கே பனிக்கு ரோட்டில் உப்புப் போடுவார்களாம், அதனால் காரைத் தூக்கச் சொல்லி அடிப்பக்கம் துரு இருக்கிறதா என்று பார், ஒரே ஆள் வைத்திருந்த கார் என்றால் நல்லது, மோதிய கார் என்றால், என்று தொடங்கியவர் தண்ணீர் கேட்டார். தண்ணீர் கொண்டுவருவதற்குள் போய்ப் படுத்துவிட்டார்.

தம்பி, அந்த நாளைப் பற்றி நாம் மூன்று பேரும் ஒரு தடவைகூட வாய்விட்டுப் பேசியதில்லை. ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன். நீயும் உன் சிநேகிதன் அஸ்ஹரும் சுங்கை பாக்காப் கல்யாண வீட்டிலிருந்து மழையில் திரும்பி வரும்போது சாலை வழுக்கி, கார் இடது பக்கமாகப் போய் மரத்தில் அடித்தது. உனக்குக் கை முறிந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளை எழுந்திருக்கவில்லை. மழைதான் காரணம் என்று போலீஸ் எழுதியது. கைக்கட்டுப் பிரித்த கொஞ்ச நாளில் நீ கனடாவுக்குப் போய்விட்டாய், காரை எப்படியாவது தள்ளிவிடுங்கள் என்று மட்டும் சொன்னாய். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. இது டோட்டல் லாஸ், இனி ரிப்பேருக்கு லாயக்கில்லை, கணக்கை முடித்துவிடலாம் என்று இன்சூரன்ஸ்காரர்கள் சொன்னபோது அப்பாதான் கூடாது என்று நின்றார். எத்தனையோ பேருடைய காருக்கு அந்த வார்த்தையைத் தன் கையால் எழுதியவர், நம் காருக்கு எழுத விடவில்லை. இடது கதவுகளை மாற்றி, பெயிண்ட் அடித்து, கார் வீட்டுக்கு வந்தது. ஆனால் அந்த முன்சீட்டு மாறவில்லை. அதற்குள் இருக்கும் சென்சர் என்ன ஆயிற்றோ, சாவி போட்டால் சீட்டில் யாரும் இல்லாமலே பெல்ட் போடச் சொல்லி மணி அடிக்கும். தினமும் காலையில் பேட்டரி சாகாமல் இருக்க அப்பா காரைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். நான் சமையலறையில் நிற்பேன், மணி அடிக்கும், பிறகு அவர் கதவைத் திறந்து வெறும் சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை மாட்டுவார், நின்றுவிடும். ஐயரைக் கூப்பிட்டுப் பூசை செய்து டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியும் பார்த்தேன், மறுநாளும் அடித்தது. சீட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று மெக்கானிக் சொன்னதற்கு அப்பா, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார். அந்தக் காரில் நான் ஏறவே இல்லை. துணி காயப் போடப் போனாலும் அந்தக் கண்ணாடிப் பக்கம் பார்க்காமல்தான் போவேன்.

கண் ஆப்பரேஷனுக்குப் பிறகுதான் விற்கலாம் என்று அவருக்கு மனம் வந்தது. பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பழைய கார் வியாபாரம் செய்யும் சீனி முகம்மதுவிடம் கொடுத்தோம். அவர் கதவு விளிம்பைத் தடவிப் பார்த்தே மோதிய கார் என்று கண்டுபிடித்துவிட்டார். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். அதற்கு அவர், “அண்ணே, காடி நல்லா இருக்கு. கதவு மாத்துனத நான் சொல்லிக்கிறேன், அதுக்குக் கொஞ்சம்தான் விலை இறங்கும். மத்ததுக்கு வாயே தொறக்காதீங்க லா. ஆளு போன காடின்னு தெரிஞ்சா ஒருத்தன் கிட்ட வர மாட்டான்” என்றார். அப்பா கேட்கவில்லை. “வாங்குறவன் அந்த சீட்டுல அவன் பொண்டாட்டிய உக்கார வைப்பான் தம்பி. சொல்லித்தான் விக்கணும்” என்றுவிட்டார். வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார்கள், கேட்டவர்கள் போய்விட்டார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி எல்லாம் பேசி முடித்த பிறகு விஷயம் கேட்டதும், அந்தப் பெண் கதவிலிருந்து கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாளாம். கடைசியில் ஒருவன் உடைத்து விற்கிறேன் என்று வந்தான், இஞ்சின் ஒருவனுக்கு, கதவு ஒருவனுக்கு, சீட்டு ஒருவனுக்கு. சீட்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பா காரைத் திருப்பிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

சீனி முகம்மது சாப்பிடப் போவது அஸ்ஹரின் அப்பா காஜா மொய்தீன் அண்ணன் கடைக்குத்தான், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில். அப்படித்தான் பேச்சு அஸ்ஹர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது, இறங்கியது அஸ்ஹரின் அம்மா சலேஹா ஆன்ட்டியும் தங்கை ஃபராவும். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அஸ்ஹரை அடக்கம் செய்த அன்று ஜனாஸா வீட்டில் நான் போய் நின்றபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டவர், அதற்குப் பிறகு நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. கேட்டில் நின்றபடியே, “காடி இருக்கா அக்கா?” என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அப்பா சாவியோடு வந்து உறையை எடுத்தார். ஃபரா சாவியைப் போட்டாள். மணி அடிக்கத் தொடங்கியது, அப்பா பெல்ட்டை மாட்ட இடது கதவைத் திறந்தார். “யாரும் இல்லையே, ஏன் அடிக்குது?” என்றார் சலேஹா ஆன்ட்டி. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, “ஆளு உக்காந்திருக்குன்னு நெனைக்குது மா. அன்னிலேருந்து இப்படித்தான்” என்றார். ஆன்ட்டி அந்தச் சீட்டருகே வந்தார். பிறகு குனிந்து, மகனை வீட்டில் கூப்பிடுவது போலவே, “கொஞ்சம் நகந்துக்க வாப்பா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி நின்றது.

ஃபராவுக்குப் பாயான் லெப்பாஸில் வேலை கிடைத்திருக்கிறது, எப்படியும் ஒரு பழைய கார் பார்க்க வேண்டும், இதையே எடுத்துக்கொள்கிறோம் என்றார். “வெளியில போச்சுன்னா யாரோ ஒருத்தர் இந்த எடத்துல உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டுப் போவாங்க அக்கா, இங்க யாரு இருந்தான்னு தெரியாமலே. எங்ககிட்டயே இருக்கட்டும்” என்றார். நான் ஃபராவின் முகத்தைப் பார்த்தேன், சின்னப் பெண்தானே. அவள், “எனக்குப் பயம் இல்ல ஆன்ட்டி. அண்ணன் போனதுலேருந்து உம்மா எந்தக் காடியிலயும் முன்னால உக்காந்ததே இல்ல, இன்னிக்குத்தான் உக்காந்திருக்காங்க” என்றாள். அப்பா, எடுத்துக்கொண்டு போங்கள், காசு எதுவும் வேண்டாம் என்று சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் சலேஹா ஆன்ட்டியின் முகம் மாறிவிட்டது. “அண்ணே, சும்மா குடுத்தீங்கன்னா அது என் மகனுக்கு நீங்க குடுத்த விலைன்னு ஆயிடும். அதை நான் வாங்க மாட்டேன். காடிக்கு மட்டும் என்ன விலையோ அத சொல்லுங்க.” எந்தக் காருக்கும் பார்த்தவுடன் விலை சொல்லும் மனுஷன், எடுத்த உறையை மடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சீனி முகம்மதுவுக்கு ஃபோன் போட்டுக் கொடுத்தேன், கதவு மாற்றிய காருக்கு இன்று என்ன விலை என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததை நீ நம்ப மாட்டாய். சலேஹா ஆன்ட்டி இறங்கிக் காரைச் சுற்றி வந்து டயரைக் காலால் தட்டி, “இது ரொம்ப ஜாஸ்தி. டயரெல்லாம் மொட்டையா இருக்கு லா” என்றார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, “மொட்டை எங்க மா, ஓடாம நின்ன டயரு. பேட்டரி இப்பத்தான் புதுசா போட்டேன்” என்று ஆரம்பித்தார். இரண்டு பேரும் பாசாரில் மீனுக்குப் பேரம் பேசுவது மாதிரிப் பேசினார்கள், பெயிண்ட் நிறம் ஒத்துப்போகவில்லை என்று அவர், வெள்ளைக் காருக்கு எப்போதும் கிராக்கி என்று இவர். அப்படிக் குரல் எழுப்பி அப்பா பேசி எத்தனை காலம் ஆயிற்று. டயருக்குக் கொஞ்சம் குறைத்து முடித்தார்கள். முடிந்ததும் அப்பா பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

காஜா மொய்தீன் அண்ணன் வரவில்லை. பெயர் மாற்றும் அன்றும் வரவில்லை. ஃபரா காரைக் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அவர் பார்வையைத் திருப்பிக்கொள்கிறாராம். உன்மேல் அவருக்குள்ள கோபம் ஆறவில்லை தம்பி, ஆறாமலும் போகலாம், உன்னிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது. நம் வீட்டு வாசல் இப்போது வெறிச்சென்று இருக்கிறது, கார் நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறம். காலையில் அந்த மணி கேட்காமல் அடுப்படியில் எனக்கு வேலை ஓடமாட்டேன் என்கிறது, பயந்து பயந்து கேட்ட சத்தம்தான், இப்போது அதற்காகக் காது காத்திருக்கிறது. ஃபராவிடம் சீட்டை மாற்றிவிடு மா என்றேன், உம்மா விடமாட்டேன் என்கிறார் என்றாள். இன்னொரு நினைப்பும் எனக்கு வருகிறது. அங்கே ஸ்டீயரிங் இடது பக்கமாமே. அப்படியென்றால் நீ கார் ஓட்டினால் அஸ்ஹர் உட்கார்ந்திருந்த பக்கத்தில் உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும். இத்தனை வருடம் பஸ்ஸிலும் ரயிலிலும் நீ போனது அதனால்தானோ என்று இப்போதுதான் தோன்றுகிறது, முன்பே எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை எழுதாமல் வைத்திருக்கிறேன். அன்று விலை பேசி முடிந்ததும் சலேஹா ஆன்ட்டி, “நீங்களே எங்கள வீட்டுல கொண்டுபோய் விடுங்க அக்கா” என்றார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில், ஃபரா பின்னால். கடலோரச் சாலையில் போகும்போது மழை தூற ஆரம்பித்தது. நான் மெதுவாகவே போனேன், பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடிக்கிறான். அப்போது அவர், “கபிலன்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்றீங்களா?” என்றார். எவ்வளவு வேகத்தில் வந்தான், ஏன் பார்த்து ஓட்டவில்லை, அதைத்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது அது இல்லை. “அவன் கடைசியா என்ன பேசிக்கிட்டு வந்தான்? வாய மூடிக்கிட்டு வர்ற புள்ள இல்ல அக்கா அவன். ஏதாச்சும் பேசிக்கிட்டுத்தான் வந்திருப்பான். அது மட்டும் இன்னும் எனக்கு வந்து சேரல.” அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். இறங்கும்போது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நான் கேட்டுச் சொல்ல வேண்டியது இல்லை தம்பி, நீயே சொல்ல வேண்டியது அது. கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசியிருந்தாலும் சரி, பந்தாட்டத்தைப் பற்றிப் பேசியிருந்தாலும் சரி, இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாலும் சரி, எதுவோ அதைச் சொல். அழகாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்காதே, பெற்றவளுக்குத் தெரிந்துவிடும். ஞாபகம் இல்லை என்றால் அதையும் உன் வாயாலேயே சொல். அவர் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், இங்கே வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் காஜா அண்ணன் பள்ளிவாசலில் இருப்பார், ஆன்ட்டி வீட்டில் தனியாக இருப்பார்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. நீ போகும் வழியெல்லாம் முருகன் உன் கூடவே வரட்டும், உன் கையும் மனமும் உறுதியாக இருக்கட்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். முதலில் சலேஹா ஆன்ட்டிக்கு ஃபோன் பண்ணு. கார் பிறகு வாங்கலாம்.

உன் அன்பு அம்மா
தவமணி விநாசித்தம்பி