இரண்டாவது ஸ்லைடில் நீ

சேலத்தில் பேசிவிட்டுத் திரும்பி, வீட்டுக் கதவைத் திறந்தபோதுதான் கவனித்தேன். கருத்தரங்கில் கொடுத்த அடையாள அட்டையைக் கழற்றாமலே ராசிபுரம் வரை வண்டி ஓட்டி வந்திருக்கிறேன். அதன் நாடா முழுக்க உன் கம்பெனியின் பெயர். நீ இருந்தால் வாசலிலேயே பிடித்திருப்பாய். "ஏனுங்க, எங்க கம்பெனிக் கயித்தக் கழுத்துல கட்டிக்கிட்டே ஊட்டுக்கு வந்துட்டீங்களா, மாடாட்டம்?" என்று கேட்டிருப்பாய். கேட்க ஆளில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நாம் கல்யாணம் செய்துகொண்டபோது நான் சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். நீ அதே நோய்க்கு மருந்து விற்கும் கம்பெனியின் ரெப். புதுச்சத்திரம், நாமக்கல் என்று பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கிளினிக்காக ஏறி இறங்குவாய். பிறகு ஒருநாள் அந்த மருந்தைப் பற்றி நான் மேடையில் பேச வேண்டி வந்தது. பேசுகிறவருக்கோ அவர் வீட்டாருக்கோ கம்பெனியோடு தொடர்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. பலரும் அதைச் சொல்லும் ஸ்லைடைக் கண் சிமிட்டும் நேரத்தில் தள்ளிவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நீ விடவில்லை. "சுருக்காத் தள்ளுனீங்கன்னா நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன். நான் உங்க பொண்டாட்டின்னு நிறுத்திச் சொல்லுங்க. அப்புறம் நம்புறதும் நம்பாததும் அவங்க பாடு."

அன்றிலிருந்து என் இரண்டாவது ஸ்லைடில் நீதான். "இந்த மருந்தைத் தயாரிக்கும் கம்பெனியில் என் மனைவி வேலை செய்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்" என்பேன். அரங்கம் சிரிக்கும். கடைசி வரிசையிலிருந்து நீ "ஆமாங்க" என்பாய். வெண்ணந்தூரில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள் நீ, உனக்கு மெதுவாகப் பேசவே வராது. மேடை வரை கேட்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒருமுறை, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அந்த மருந்து வேண்டாம் என்று பேசினேன். உன் மேனேஜரின் முகம் கறுத்துப்போனது. அடுத்த மாதமே உன்னை ஆத்தூர்ப் பக்கம் தூக்கி அடித்தார்கள். தினமும் பஸ்ஸில் போய் வந்தாய். நான் வருத்தப்பட்டபோது, "நெசத்தத்தானுங்களே சொன்னீங்க. பஸ்ஸுல சன்னலோரம் எடம் கெடைக்குது, விடுங்க" என்றாய்.

நீ போன பிறகு இதுதான் என் முதல் மேடை. ஸ்லைடுகளைச் சரிபார்த்த பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார், மேடம் இப்ப இல்லைங்களே. அந்த வரிய எடுத்துட்டு, தெரிவிக்க எதுவும் இல்லைன்னு போட்டுரலாங்களா?" அவள் கேட்டதில் தப்பில்லை. தலையாட்டினேன்.

மேடை ஏறினேன். 'தெரிவிக்க எதுவும் இல்லை' என்ற வரி என் பின்னால் பெரிதாக விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்தேன். அங்கே யாரோ செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஸ்லைடுக்குப் போக எனக்குக் கை வரவில்லை.

"இது சரியில்லை" என்றேன் மைக்கில். "இந்தக் கம்பெனியில் என் மனைவி வேலை செய்தார். இப்போது அவர் இல்லை. ஆனாலும் இந்த மருந்தின் பெயரைக் கேட்டாலே என் மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்."

"ஆமாங்க" என்று வருமோ என்று கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு பேசத் தொடங்கினேன்.

நாளை காலை மறுபடி நோயாளிகள் வருவார்கள். உன் மருந்தின் பெயரை எழுதப் போகும்போது பேனா வழக்கம்போல நிற்கும். இது அவருக்கு வேண்டியிருக்கிறதா, எனக்கு வேண்டியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுவேன். சில நாள் யாருக்கும் அதை எழுத வேண்டியிருக்காது. அன்றைக்கெல்லாம் வீட்டுக்கு வந்தால், வீடு இன்னும் கொஞ்சம் சத்தமில்லாமல் இருக்கிறது.